வேலிப் பற்றைக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு திரிவது தையல்சிட்டா, கதிர்க்குருவியா?

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் வளவொன்றின் கிளுவை வேலியில் நின்ற குருவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சின்ன உடம்பு, நிமிர்ந்த வால், இலையைத் தைத்த கூடு என்று மூன்று அடையாளம் தந்து, தையல்சிட்டுத்தானே என்கிறீர்கள். அந்த மூன்றும் சாம்பல் கதிர்க்குருவிக்கும் பொருந்தும். அதுவும் சிலந்தி நூலால் இலையைத் தைத்துத்தான் பெரும்பாலும் கூடு கட்டும். பெயர் மட்டும் மற்றதற்குப் போய்விட்டது.

முதுகைப் பாருங்கள். பச்சை ஓடினால் தையல்சிட்டு; நெற்றியில் துருச்சிவப்பு, வயிறு வெளுப்பு. முதுகு சாம்பலாய், வயிறு செம்மஞ்சள் படர்ந்து, கண் சிவந்து, புருவக்கோடு இல்லாமல் இருந்தால் சாம்பல் கதிர்க்குருவி. மண்ணிற முதுகும் கண்ணுக்கு மேல் வெளிறிய புருவமும் இருந்தால் சாதாரண கதிர்க்குருவி. அதை வேலியைவிட வயலோரப் புல்லில்தான் அதிகம் காணலாம். வயலில் முதுகெல்லாம் கருங்கோடும் குட்டை விசிறி வாலுமாக ஒன்று வளைந்து வளைந்து மேலே பறந்தால் அது விசிறிவால் கதிர்க்குருவி, வேறு சாதி.

போன் படத்தை மட்டும் நம்பவேண்டாம். இலை நிழலில் பச்சை முதுகு சாம்பலாகத் தெரியும். வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் எல்லாமே கறுப்பு. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

அதைவிட நம்பகமானது குரல். தையல்சிட்டு உடம்புக்கு மிஞ்சிய சத்தத்தில் 'டுவிட் டுவிட்' என்று விடாமல் கத்தும். கத்தும்போது தொண்டை விரிய, கழுத்தின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு எட்டிப்பார்க்கும். வாயை மூடினால் மறைந்துவிடும். சாம்பல் கதிர்க்குருவி பற்றை உச்சியில் ஏறி 'ஜிமி ஜிமி ஜிமி' என்று பாடும். பறக்கும்போது மின்பொறி தெறிப்பதுபோல் 'டிக் டிக்' கேட்கும். சாதாரண கதிர்க்குருவியின் பாட்டு பூச்சி இரைச்சல் மாதிரி, வறண்டது.

முட்டையும் காட்டிக்கொடுக்கும்: சாம்பல் கதிர்க்குருவியினது பளபளத்த செங்கல் நிறம், தையல்சிட்டினது வெளிறி, புள்ளி போட்டது. ஆனால் அதற்காகக் கூட்டை விரிக்காதீர்கள், தாய் கைவிட்டுவிடலாம்.

இந்திய வழிகாட்டி நூல் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. சாதாரண கதிர்க்குருவிக்குக் குளிர்காலத்தில் அலகு வெளிறும் என்று அதில் இருக்கும். இலங்கையில் வருடம் முழுக்க அலகு கறுப்புத்தான். சாம்பல் கதிர்க்குருவிக்கும் இங்கே வால் கொஞ்சம் குட்டை, குஞ்சின் வயிறு மஞ்சள். மஞ்சளைக் கண்டதும் புது இனம் என்று பதிந்துவிடாதீர்கள்.