சர்வருக்குப் பணம் கட்டும் முன் மோடை முடிவு செய்யுங்கள்: மைன்கிராஃப்ட் கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் 12 பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் சர்வர் போடப் போகிறோம். 7 பேரிடம் லேப்டாப்பில் ஜாவா எடிஷன், மற்றவர்களிடம் போனில் பெட்ராக் (இரண்டும் அதே ஆட்டத்தின் தனித்தனிப் பதிப்புகள்). ஐந்து பேர் பெட்வார்ஸ் (அணியாகப் பிரிந்து படுக்கையைக் காத்துச் சண்டையிடுவது) கேட்கிறார்கள், ஐந்து பேர் ஸ்கைபிளாக் (வானத்தில் மிதக்கும் தீவில் வாழ்வது). இரண்டு பேர் மட்டும் சாதா சர்வைவல் (பொருள் சேர்த்து, வீடு கட்டி, உயிர்பிழைப்பது) போதும் என்கிறார்கள். சர்வரை வாடகைக்குத் தரும் ஒரு ஹோஸ்டிங்கில் 8 ஜிபி ரேம் பிளான் பார்த்து வைத்திருக்கிறோம்; ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. எந்த மோடில் (ஆட்ட வகையில்) ஆரம்பிப்பது? (சேலம் வாசகர்)

பதில்: அந்த இரண்டு பேர் சொல்வதைக் கேளுங்கள். வருடக் கட்டணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

12 பேர் என்பது உங்கள் வாட்ஸ்அப் குரூப்பின் கணக்கு. மோடைத் தீர்மானிப்பது ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பதுதான். இரவு எட்டரைக்கு 5 பேர், தேர்வு வாரத்தில் 2 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்வார்ஸில் நான்கு அணிக்கு நான்கு பேர் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 16 பேர் வேண்டும். ஆளுக்கொரு படுக்கை வைத்து ஆடினாலும் 8 பேர். ஆள் சேரும்வரை லாபி என்ற காத்திருப்பு இடத்தில் நின்று குதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூன்று நாள் அப்படி நின்றவன் நான்காம் நாள் வரமாட்டான்.

பணமும் அங்கேதான் கரைகிறது. பெட்வார்ஸில் ஆட்டம் முடியும்போதெல்லாம் மேப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஒழுங்காகச் செய்வதென்றால் முன்னால் வெலாசிட்டி போன்ற ஒரு ப்ராக்ஸி (வருபவர்களைப் பிரித்து அனுப்பும் வாசல்), பின்னால் லாபிக்கு ஒரு சர்வர், ஆட்டத்துக்கு ஒரு சர்வர் என்று மூன்று ஓட வேண்டும். மலிவு பிளான்கள் பலவற்றில் ஒரு பிளானுக்கு ஒரே சர்வர்தான் ஓட்ட முடியும். ஐந்து பேருக்காக யானையைக் கட்டித் தீனி போடுவானேன்?

போன் வைத்திருக்கும் ஐந்து பேரையும் மறக்கக் கூடாது. ஜாவா சர்வருக்குள் பெட்ராக் ஆட்களைக் கொண்டுவர கெய்சர் என்ற பிளக்இன் (சர்வரில் சேர்க்கும் துணை மென்பொருள்) இருக்கிறது. ஜாவா கணக்கு வாங்காமலே அவர்கள் நுழைய ஃப்ளட்கேட். இரண்டும் இலவசம். ஆனால் சண்டை ஜாவாவின் கணக்குப்படிதான் நடக்கும்: வாளை வீசியபின் அது திரும்ப முழு வலு பெறக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மவுஸ் பிடித்தவனுக்கு அது பழக்கம். திரையைத் தட்டித் தட்டி அடிப்பவனுக்கு அடி முழு வலுவோடு இறங்காது. அதனால் பெட்வார்ஸ், லைஃப்ஸ்டீல் (தோற்றவரின் உயிர் இதயத்தைப் பறிப்பது) போன்ற அடிதடி மோடு எதுவானாலும் உங்கள் கூட்டத்தில் போன்காரர்கள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள்.

ஸ்கைபிளாக் அவ்வளவு மோசமில்லை. வெற்று வானத்தில் தீவு என்பதால் புது நிலம் உருவாக்கும் சுமை கிடையாது, ஆரம்பத்தில் சர்வர் பஞ்சாகப் பறக்கும். பின்னால்தான் ஒவ்வொரு தீவிலும் பொருள்களை உள்ளிழுத்து நகர்த்தும் ஹாப்பர் நூற்றுக்கணக்கில், ஜாம்பி பண்ணை, தரையில் சிந்திக் கிடக்கும் பொருள்கள் என்று சுமை ஏறும். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது, ஆளுக்கொரு தீவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. சேர்ந்து ஆடத்தானே சர்வர்?

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் சர்வைவல் உலகத்தில் பின்னால் லைஃப்ஸ்டீல் பிளக்இன் சேர்க்கலாம், ஓரமாக ஒரு சண்டைக் களம் கட்டலாம். ஸ்கைபிளாக்கில் ஆரம்பித்துவிட்டு சர்வைவலுக்கு மாறினால் புது உலகம், எல்லாம் முதலிலிருந்து. சந்தேகம் இருக்கும்போது திரும்பி வர வழி உள்ள பக்கம் போவது நல்லது.

இனி அமைப்பு. சர்வர் மென்பொருளாக பேப்பர் போடுங்கள். ரேம் 6 ஜிபி பிளான் போதும். அதில் சர்வரை ஓட்டும் ஜாவா நிரலுக்கு நாலரை, ஐந்து கொடுத்து மிச்சத்தை விட்டுவையுங்கள். ஆறையும் ஜாவாவுக்கே எழுதிவைத்தால் பிளானின் வரம்பில் முட்டி, ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பேனல் சர்வரை நடுவில் கொன்றுவிடும்; பிழைச்செய்திகூட வராது.

வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் தெரியும் என்ற அளவு) முதலில் 10 என்று இருக்கும். அப்படியென்றால் ஒவ்வொருவரைச் சுற்றியும் 21-க்கு 21, அதாவது 441 சங்க் (நிலத் துண்டு). அதை 6 ஆக்கினால் 13-க்கு 13, வெறும் 169. சிமுலேஷன் டிஸ்டன்ஸை (உயிர்களும் பயிர்களும் இயங்கும் தூரத்தை) 5-இல் வையுங்கள். எலிட்ரா இறக்கை கட்டி ராக்கெட் விட்டுப் பறப்பவன் நொடிக்கு ஏறக்குறைய 33 பிளாக் போகிறான். ஒரு சங்க் 16 பிளாக், ஆக நொடிக்கு இரண்டு வரிசை. வியூ டிஸ்டன்ஸ் 10 என்றால் நொடிக்கு நாற்பதுக்கு மேல் புதுச் சங்க் அவன் ஒருவனுக்காக உருவாக வேண்டும். மற்றவர்கள் உடைத்த கல் திரும்பத் திரும்ப முளைப்பது அப்போதுதான்.

மருந்து எளிது. நிலத்தை முன்கூட்டியே உருவாக்கிவைக்கும் சங்கி என்ற பிளக்இன்னைப் போட்டு, ரேடியஸ் 3000 கொடுத்து, யாரும் நுழைவதற்கு முந்தைய இரவே ஓடவிடுங்கள். 1,40,000-க்கு மேல் சங்க் உருவாகும், நேரம் எடுக்கும். உலகத்தின் எல்லையான வேர்ல்டு பார்டரையும் 6000-இல் கட்டிவிடுங்கள். அது அகலக் கணக்கு, ரேடியஸ் அல்ல. இங்கேதான் பலர் 3000 என்று போட்டுவிட்டு உலகம் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று முழிப்பார்கள். பத்தாயிரம் வரை உருவாக்கிவைக்கும் ஆசை வேண்டாம். அடுத்த பதிப்பில் வரும் புது பயோம்கள் (நிலப்பரப்பு வகைகள்) இன்னும் உருவாகாத சங்க்குகளில்தான் தென்படும்.

ஹோஸ்டிங்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கூடுதலாக ஒரு யுடிபி போர்ட் (நெட் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) உண்டா? பெட்ராக் வழக்கமாக வருவது யுடிபி 19132 வழியாக. தனி போர்ட் தர மாட்டார்கள் என்றால், ஜாவாவின் போர்ட் எண்ணையே யுடிபியிலும் பயன்படுத்த கெய்சர் அமைப்புக் கோப்பில் வழி இருக்கிறது. அந்த எண்ணில் யுடிபி திறந்திருந்தால் போதும். சர்வர் மும்பையிலா சிங்கப்பூரிலா என்றும் கேளுங்கள். ஐரோப்பா என்றால் விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஒயிட்லிஸ்ட்டை (அனுமதி பெற்றவர்களின் பட்டியலை) முதல் நாளே போடுங்கள். ஃப்ளட்கேட் வழி வருபவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி ஒட்டிக்கொள்ளும், சாதாரண ஒயிட்லிஸ்ட் கட்டளையில் அவர்களைச் சேர்க்கத் தகராறு செய்யும். அதற்கு ஃப்ளட்கேட்டுக்கென்றே எஃப்-ஒயிட்லிஸ்ட் கட்டளை இருக்கிறது. கணக்கைச் சரிபார்க்கும் ஆன்லைன் மோடை அணைக்காதீர்கள். அணைத்தால் உங்கள் பெயரை டைப் செய்து வருபவன் யாரானாலும் உங்கள் ஆப் (சர்வர் நிர்வாகி) அதிகாரத்தோடு உள்ளே நிற்பான்.

சர்வைவலின் நோய் ஒன்றே ஒன்று: முதல் வாரமே கடைசிப் பெரிய எதிரியான எண்டர் டிராகனைக் கொன்றுவிட்டு, அடுத்த வாரம் ஆளைக் காணோம். பக்கிட் அமைப்புக் கோப்பில், டிராகன் இருக்கும் எண்டு உலகத்துக்குப் போகும் அனுமதியை மூன்று, நான்கு வாரம் அணைத்துவையுங்கள். ஒரு சனிக்கிழமை இரவு எல்லோரும் இருக்கும்போது திறந்தால் போதும்.

கேள்வி: எல்லாம் ஏற்கெனவே அமைத்த ஸ்கைபிளாக் செட்டப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே கட்டண பிளக்இன்கள் பத்துக்கு மேல் இருப்பதாகப் பட்டியல். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பட்டியலில் உள்ள கட்டண பிளக்இன்களின் விலையைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை செட்டப்பின் விலையைப் போலப் பல மடங்கு வந்தால், உள்ளே இருப்பது உரிமம் உடைத்த திருட்டு நகல். அவற்றில் பின்வாசல் வைத்துத் தருவது வழக்கமான வேலை: ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் ஆப் ஆகி நிற்பார், தீவுகள் காணாமல் போகும். நேர்மையான செட்டப் விற்பவர் அமைப்புக் கோப்புகளையும் மேப்பையும் மட்டும் தருவார், கட்டண பிளக்இன்களை நீங்களே வாங்கிப் போடச் சொல்வார்.

நான் சொல்வது: பென்டோபாக்ஸ் பிளக்இன் இலவசம். அதன் ஸ்கைபிளாக், சவால் பகுதிகளைப் போட்டு இரண்டு மாலை உட்கார்ந்தால் தீவும் சவால்களும் தயார். வாங்கிய செட்டப்பில் ஒன்று உடைந்தால் எந்தக் கோப்பில் கை வைப்பது என்று உங்களுக்குத் தெரியாது. பதிப்பு மாறும்போது கட்டாயம் ஏதாவது உடையும்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. அவனும் சித்தி, அத்தை பிள்ளைகள் நான்கு பேரும் டேப்லெட்டில் ஆடுகிறார்கள். ஒருவன் வீட்டை இன்னொருவன் உடைத்துவிட்டான் என்று தினமும் அழுகை. கிரியேட்டிவுக்கு மாற்றினால் தீருமா? சர்வர் வாங்க வேண்டுமா? (மதுரை வாசகி)

பதில்: கிரியேட்டிவில் இன்னும் மோசமாகும், அம்மா. அங்கே ஒரே தட்டில் பிளாக் உடையும், டிஎன்டி வெடி அள்ள அள்ளக் குறையாது. பெட்ராக்கில் ஒரு உலகத்தை கிரியேட்டிவுக்கு மாற்றினால் அந்த உலகத்தில் அச்சீவ்மென்ட்டும் கிடைக்காது. அதற்கு வேறு தனியாக அழுவார்கள்.

சர்வைவலிலேயே இருக்கட்டும், டிஃபிகல்டி ஈஸி. உலகம் யாருடையதோ அவர் ஒவ்வொருவருக்கும் விசிட்டர், மெம்பர், ஆபரேட்டர் என்று உரிமை கொடுக்க முடியும். விசிட்டர் சுற்றிப் பார்க்கலாம், எதையும் உடைக்க முடியாது. வீட்டை இடித்தவனை ஒருநாள் விசிட்டராக வையுங்கள். நமக்குக் கத்துகிற வேலை மிச்சம்.

சர்வர் வேண்டாம். உங்கள் மகன் உலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் மட்டும் மற்றவர்கள் சேர்ந்தால் போதுமென்றால் செலவே இல்லை, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நண்பர்களாகச் சேர்த்தால் போதும். அவன் இல்லாதபோதும் அவர்கள் ஆட வேண்டுமென்றால் ரியல்ம்ஸ் பிளஸ் என்ற கட்டணச் சேவை: ஒருவர் கட்டினால் போதும், அவரோடு 10 பேர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம். சிறிய ரியல்ம்ஸ் திட்டத்தில் அவரோடு 2 பேர்தான், உங்கள் வீட்டுக்கு அது பற்றாது. ரியல்ம்ஸ் தானாகவே பேக்கப் எடுத்துவைப்பதால் இடிந்த வீட்டைப் பழைய நாளுக்குக் கொண்டுபோய் மீட்கலாம்; ஆனால் அன்று மற்றவர்கள் கட்டியதும் சேர்ந்து போகும். பிள்ளையின் வயதைச் சரியாகக் கொடுத்திருந்தால் பெற்றோர் கணக்கிலிருந்து மல்ட்டிபிளேயர் அனுமதி தர வேண்டியிருக்கும். வயதை மாற்றிப் போட்டு அதைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: 8 ஜிபி சர்வர் வாங்கியும் ஆட்டம் தடங்கித் தடங்கி இழுக்கிறது. ஹோஸ்டிங்காரர் 16 ஜிபிக்கு மாறச் சொல்கிறார். மாறினால் சரியாகுமா? (கொழும்பு வாசகர்)

பதில்: பெரும்பாலும் ஆகாது. சர்வர் நொடிக்கு 20 டிக் (ஆட்டத்தின் துடிப்பு) ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். அந்த வேலையின் பெரும்பகுதி பிராசசரின் ஒரே கோரில் நடக்கிறது. ரேமை இரட்டிப்பாக்குவதால் அந்தக் கோர் வேகமாகாது.

வேகத்தை அளக்கும் ஸ்பார்க் பிளக்இன்னில் டிபிஎஸ் (நொடிக்கு எத்தனை டிக்) கட்டளை கொடுங்கள் (புதிய பேப்பரில் ஸ்பார்க் கூடவே வருகிறது). டிக் நேரம் 15, 20 என்று இருக்கும்போதே உடைத்த பிளாக் திரும்பி வந்தால் குற்றம் நெட் இணைப்பில். 50-ஐத் தாண்டினால் எந்த வேலை நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் அதன் ப்ரொஃபைலரை ஐந்து நிமிடம் ஓட்டி மேலே எது நிற்கிறது என்று பாருங்கள். சங்க் உருவாக்கம் என்றால் மேலே சேலம் வாசகருக்குச் சொன்னதைச் செய்யுங்கள். கிராமவாசிகள் (ஆட்டத்துக்குள் வரும் வில்லேஜர்கள்) என்றால் யாரோ வியாபாரக் கூடத்தில் எண்பது பேரை அடைத்துவைத்திருக்கிறார். பகலில் நன்றாக ஓடி, அதே ஆட்கள் இருக்கும்போது இரவு எட்டு மணிக்கு மட்டும் டிக் நேரம் ஏறினால், ஒரே பிராசசரைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டு விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அதற்கு ஸ்பார்க் அறிக்கையின் இணைப்பை அனுப்பி வேறு நோடுக்கு (வேறு கணினிக்கு) மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் மாதம் முடிந்ததும் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: சர்வர் செலவை எடுக்க, பணம் கட்டுபவர்களுக்கு டயமண்ட் வாளும் பறக்கும் சக்தியும் உள்ள ரேங்க் விற்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கூடாது. போட்டியில் முந்தவைக்கும் பொருளைப் பணத்துக்கு விற்கக் கூடாது என்று ஆட்டத்தை உருவாக்கிய மோஜாங் 2014-இலேயே தெளிவாக்கிவிட்டது. தொப்பி, வண்ணப் பெயர், துகள் அலங்காரம் விற்கலாம். எல்லோருக்கும் ஒரே நுழைவுக் கட்டணம் வைக்கலாம், நன்கொடையும் வாங்கலாம். மீறும் சர்வரின் முகவரியை அவர்கள் தடைப்பட்டியலில் சேர்த்தால் ஜாவா ஆட்கள் யாரும் உள்ளே வர முடியாது. ப்ரிசன் (சிறை), ஃபாக்ஷன்ஸ் (குழுச் சண்டை) சர்வர்கள் பலவற்றின் வருமானமே வாள் விற்பதுதான். அதைப் பார்த்து அந்த மோடைத் தேர்ந்தெடுத்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.