பதிவில் இனிமையாகப் பாடுபவர் மேடையில் ஏன் தடுமாறுகிறார்?

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த பாடகர், பதிவில் கேட்டதுபோல் பாடவே இல்லை. அப்படியானால் பதிவில் கேட்டதெல்லாம் இயந்திரத்தின் வேலைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரோடு, காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் இன்னிசைக் குழு ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓரளவுக்கு ஆம். ஆனால், பழியைப் பாடகர் ஒருவர் தலையிலேயே இறக்கிவிட முடியாது.

இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பல்லவியைப் பலமுறை பாடவைத்து, ஒவ்வொரு டேக்கிலும் நன்றாக அமைந்த வரியை எடுத்து ஒட்டுகிறார்கள். 1997இல் ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் வந்த பிறகு சுருதி விலகலையும் பிற்பாடு திருத்திக்கொள்ள முடிகிறது. ஆகவே, நீங்கள் கேட்டு மயங்கிய பல்லவியை அவர் முழுதாக ஒருமுறைகூட அப்படிப் பாடியிராமல் இருக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டின் தொடக்கக் காலத்தில் இந்த வசதி இல்லை. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம். நேரடியாக மெழுகில் பதிந்ததால், பிழை நேர்ந்தால் முதலிலிருந்து பாட வேண்டியதுதான். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் பழைய தட்டுகளில் இரைச்சலை மீறி வரும் அந்தக் குரலை நான் முழுதாக நம்புவது அதனால்தான்.

மேடைக்கு வருவோம். கோயிலிலிருந்து தேர்வீதி முனை வரை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி மேடைக்கு வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். பாடகர் தம் குரலைக் கேட்க மேடையிலேயே வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் சரியாக இல்லாவிட்டால், பாடகர் தாம் பாடி முடித்த சொல்லைத் தாமே பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு அடுத்த சொல்லைப் பாட வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாராபுரம் பக்கம் வீசும்போது மைக்கில் பாதி காற்றுதான் விழும். மார்கழிப் பனியிலோ புல்லாங்குழலின் சுருதி இறங்கிவிடும், கீபோர்டு இறங்காது. எங்கள் குழலிசைக் கலைஞர் தம் முறை வரும்வரை குழலைச் சால்வைக்குள் வைத்துச் சூடாக வைத்திருப்பார்.

காங்கேயம் அருகே ஒரு மார்கழி இரவு, பதினொரு மணிக்கு மேல், எங்கள் முதன்மைப் பாடகர் என் பக்கம் குனிந்து, “தம்பி, அடுத்ததுக்கு அரைக் கட்டை எறக்கிக்குங்க, பனி சாஸ்தி” என்றார். கட்டை என்றால் சுருதியின் உயரம். கீபோர்டில் அதை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். மேல் ஸ்தாயி பிசிறில்லாமல் நின்றது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டையை இறக்குவதைத் தோல்வியாக நினைக்கும் பாடகர்களும் உண்டு. பதிவில் இருந்த அதே சுருதியில் பிடிவாதமாகப் பாடிக் குரல் உடைந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு வந்தவர் அந்த ரகமா, மானிட்டர் இல்லாமல் தவித்தவரா என்பதை மைக்செட்காரரிடம்தான் விசாரிக்க வேண்டும்.

பதிவுபோலவே பாடுவதை நிலைத்தன்மை என்று நான் கருதவில்லை. எந்த மேடையிலும் ஒரு தரத்துக்குக் கீழே போகாதிருப்பதையே அப்படிச் சொல்வேன். பதிவும் மேடையும் வேறு வேறு வித்தைகள். கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964இல் பொதுக் கச்சேரிகளை அடியோடு விட்டுவிட்டு, பதிவுக் கூடத்தையே தம் களமாக்கிக்கொண்டார். அவரைத் திறமையற்றவர் என்று யாரும் சொல்வதில்லை. மறுகோடியில் நம் கொங்கு நாட்டுப் பொன்னர் சங்கர் வீரக்கதையான அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுபவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் தூங்கி வழிந்தால் கதையைச் சுருக்குவார்கள், கண் கலங்கினால் நீட்டுவார்கள். மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் அக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த நாடாவில் உள்ளபடியே பாட வேண்டும் என்று இன்றைய உடுக்கைக்காரர் எவரிடமும் ஊரார் கேட்டதாக நான் அறியேன். எங்களிடம்தான், கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டும்போது வந்து, “சிடியில கேக்கற மாதிரி இல்லீங்களே” என்பார்கள்.