மலை ஏறும்போது மட்டும் இருக்கைக்கு அடியில் அதிர்வு: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பின்சக்கர இயக்கம் கொண்ட ஏழு இருக்கை டீசல் வண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது முதல் இரண்டு கியர்களில் இருக்கைக்கு அடியில் அதிர்கிறது என்றும், சக்கர பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் இரண்டு முறை செய்தும் அது போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது முறை பேலன்சிங் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் குறிகள் சக்கரத்தைக் காட்டவில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும், அதன் இணைப்புகளில் கோணத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் கூட்டல்குறி வடிவ மூட்டுகளான கிராஸ்களையும், நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங்கையும்தான் காட்டுகின்றன. கோத்தகிரிப் பக்கத்தில் இதே போன்ற ஒரு வண்டியை வைத்துக்கொண்டு ஏழு மாதம் அலைந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சமதளத்துக்காரர்கள் சொல்லும் அதிர்வுச் சோதனைகள் மலையில் பாதிதான் பயன்படும். ஷாஃப்ட்டின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதனால் எழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் தரையைக் குலுக்கும் அதே குறை, கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே 30 கிலோமீட்டரில் போகும்போது கால் பங்கு விசையாகக் குறைந்து, எஞ்சின் சத்தத்துக்குள் மறைந்துவிடும். முறுக்குவிசையின் கதை இதற்கு நேர் எதிரானது. முதல் கியரில் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகப் பெருகித்தான் ஷாஃப்ட்டுக்கு வருகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தைத் தாழ்ந்த கியர்களிலேயே ஏறி முடிக்கும் வழியில் அந்தச் சுமை ஷாஃப்ட்டை விட்டு நீங்குவதே இல்லை. ஆகவே மலைச்சாலை வேகத்தால் வரும் அதிர்வை ஒளித்து வைக்கிறது, சுமையால் வரும் அதிர்வைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரை எந்தப் பாகத்தை மாற்றினாலும் பணம்தான் போகும்.

எங்கள் வண்டியில் கிளட்ச் மாற்றிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்கு முன் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்து வந்த அன்றே, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி நடுங்கியது. கிளட்ச் புதிது, பழகினால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொன்னார்கள். நானும் நம்பினேன். பிறகு எஞ்சின் மவுண்ட் மாற்றினேன், டயர்களை இடம் மாற்றினேன், இரண்டு முறை பேலன்சிங் செய்தேன். கிளட்ச்சின் நடுக்கத்தைப் பிரித்தறிவது உண்மையில் எளிது: கிளட்ச் பெடலை விட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நொடிகளில் மட்டும்தான் அது இருக்கும். கால் முழுவதும் எடுத்த பிறகும் 15, 20 கிலோமீட்டர் வேகம் வரை அதிர்வு நீடித்தால், கிளட்ச்சைத் தாண்டிப் பார்க்க வேண்டும். அதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் மவுண்ட்டுக்குக் கொடுத்த பணமாவது மிஞ்சியிருக்கும்.

வேகத்தால் வரும் அதிர்வு இருக்கிறதா என்று அறிய மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டிக்குச் சரக்கு இறக்கிவிட்டு, அன்னூர் சாலையில் போக்குவரத்து இல்லாத காலை நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். 55 கிலோமீட்டரைத் தாண்டியதும் தரையில் ஒரு ரீங்காரம் தொடங்கியது. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. அங்கே பட்டறை வைத்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர் உடன் வந்து, காலணியைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கவனித்தார். "வீல் அடிச்சா உதறும் தம்பி, ஷாஃப்ட் அடிச்சா முனகும். இது முனகுது" என்றார்.

அவர் பாதத்தால் உணர்ந்து சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்காகப் போட்டுப் பார்த்தேன். இத்தகைய வண்டிகளின் டயர் ஒரு சுற்றுக்கு 2.1 முதல் 2.2 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 1,000 மீட்டர் என்பதால், சக்கரம் நொடிக்கு எட்டு முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. பின் ஆக்சிலின் பற்சக்கர விகிதம் நான்கை ஒட்டியதென்றால் ஷாஃப்ட் நொடிக்கு 31 முறை சுழலும். சக்கரத்தின் குறை நொடிக்கு எட்டு உதறலாகக் கையில் தெரியும். ஷாஃப்ட்டின் எடைச்சாய்வு 31 துடிப்பாகத் தரையில் அதிரும். கிராஸ் கோணத்தின் குறை ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்பதால் 60-க்கு மேற்பட்ட துடிப்பாக, ஏறக்குறைய ஒலியாகவே, கேட்கும். இப்போது கைபேசியிலேயே அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இருப்பதால், அதை இருக்கைத் தண்டவாளத்தின் மீது அழுத்தி வைத்து இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே சமதளச் சாலையில் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. அதிர்வு வரும் வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சுழற்சி மாறியும் அதிர்வு மாறாவிட்டால் குறை கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். அடுத்து, நேரான வெற்றுச் சாலையில் நியூட்ரலில் உருள விடுங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் எடைச்சாய்வையோ வளைவையோ சந்தேகிக்கலாம், சுமை விலகியதும் நின்றுபோனால் கோணத்தையும் தேய்மானத்தையும் சந்தேகிக்கலாம். இந்த நியூட்ரல் சோதனையை மலை இறக்கத்தில் எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. எஞ்சினின் பிடிப்பு போய்விட்டால் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்க வேண்டியிருக்கும்; சூடேறிய பிரேக் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் என்ன செய்யும் என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் சக்கரங்களின் உள்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் தோட்டச் சாலைகளின் செம்மண் ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்துவிட்டால், பேலன்சிங் செய்த பலனே இல்லாமல் போகும். ஷாஃப்ட்டின் மீது ஒட்டிய களிமண்ணும், துரு பிடிக்காமலிருக்க அடிப்பகுதியில் அடிக்கும் கறுப்புப் பூச்சு ஷாஃப்ட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் தடித்துவிடுவதும் இதே வேலையைச் செய்யும்.

பிறகு, குழி உள்ள சர்வீஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் கொடுத்து, எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இரு பக்கமும் முறுக்குங்கள். கிராஸின் ஒரு பக்கக் காது (கிராஸைக் கவ்விப் பிடிக்கும் கவை) அசைந்த பிறகுதான் மறுபக்கம் அசைகிறதென்றால் அந்தக் கிராஸ் தேய்ந்துவிட்டது. கிராஸின் நான்கு கிண்ணங்களில் ஏதாவது ஒன்றைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி படிந்திருந்தாலும் அதுவே பொருள். உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங்குகள் அரைபடுகின்றன. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போன்ற கீச்சொலியும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது ‘டங்’ என்ற ஒலியும் இதற்கு முன்னறிவிப்புகள்.

எங்கள் வண்டியில் கிராஸ்கள் நன்றாகவே இருந்தன. முதல் குறை வேறிடத்தில் இருந்தது, அதைப் பார்க்கக் கண் மட்டுமே போதும். ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைவதற்காக ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பற்கள்) வெட்டிய சறுக்கு இணைப்பு ஒன்று இருக்கும். அதைப் பிரித்து மீண்டும் சொருகும்போது, பின்பகுதி ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள காதுகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும். கிளட்ச் வேலையில் அதைப் பிரித்தவர், குறி போடாமல் பிரித்து, கைக்கு வந்தபடி சொருகியிருந்தார். முன்முனையின் காதுகள் மேலும் கீழுமாக நின்றபோது பின்முனையின் காதுகள் ஏறத்தாழ பக்கவாட்டில் நின்றன.

இது ஏன் இவ்வளவு பெரிய குறை என்பதற்குக் கிராஸின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராஸ் ஒரு கோணத்தில் வேலை செய்யும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். மூன்று டிகிரிக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடு மட்டுமே; பத்து டிகிரியில் 1.5 விழுக்காடு, இருபது டிகிரியில் 6 விழுக்காட்டையும் தாண்டும். முன் கிராஸ் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் எதிராக உண்டாக்கி அழித்துவிடும் என்பதுதான் இந்த அமைப்பின் அழகு. அது நடக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: காதுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இரு கிராஸ்களின் கோணங்களும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். காதுகள் 90 டிகிரி திரும்பியிருந்தால் ஒன்றை ஒன்று அழிப்பதற்கு மாறாக இரண்டும் கூடிக்கொள்ளும். அந்த வயதான மெக்கானிக் சறுக்கு இணைப்பை இழுத்து, காதுகளை நேராக்கி, மீண்டும் சொருகி, இரு பக்கமும் உளியால் ஒரு குறி வெட்டினார். அன்னூர் சாலையின் ரீங்காரம் அதோடு நின்றது.

ஆனால் ஏற்றத்தில் வண்டியை எடுக்கும்போது வந்த நடுக்கம் பாதிதான் குறைந்தது. ஒரே அதிர்வு என்று நான் ஏழு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு அதிர்வுகள். இரண்டாவதின் இடம் சென்டர் பேரிங். பேரிங் உருண்டைகள் நன்றாகத்தான் இருந்தன. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கீழ்ப்பாதியில் கிழிந்திருந்தது. கோணத்தில் நிற்கும் கிராஸ் வழியாகப் பெரிய முறுக்குவிசை செல்லும்போது, ஷாஃப்ட்டை அச்சிலிருந்து விலக்கித் தள்ளும் ஒரு துணைவிசையும் பிறக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. நல்ல ரப்பர் அதை விழுங்கிவிடும். கிழிந்த ரப்பரில் ஷாஃப்ட் துள்ளி, தாங்கியின் இரும்பில் மோதும். சுமை ஏற்றிய வண்டியை ஏற்றத்தில் முதல் கியரில் எடுக்கும்போது அந்த விசை உச்சத்தில் இருப்பதால், உங்கள் குறிகளுக்கு இதையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். ஒரு கடப்பாரையை இடையில் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்த்தால் கிழிசல் வாயைத் திறந்து காட்டும். நெம்பாமல் பார்த்தால் முழுதாகவே தெரியும். நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறையில் இரண்டு முறை பார்த்தும் தவறவிட்டது அதனால்தான்.

ரப்பரும் காதுகளும் சரியாக இருந்தால் கோணத்தை அளக்க வேண்டும். மலைக்காரர்கள் காய்கறி, உரமூட்டை ஏற்றுவதற்காகப் பின் ஸ்ப்ரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை வைத்துக்கொள்வது வழக்கம். பட்டை கூடினால் வண்டியின் பின்புறம் உயர்ந்து கிராஸ் கோணங்கள் மாறிவிடும். ஸ்ப்ரிங்கோடு ஆக்சிலைப் பிணைக்கும் யு போல்ட் தளர்ந்திருந்தால், முறுக்குவிசையில் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் மூக்கு மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியைக் கியர்பாக்ஸ் ஃபிளேஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), ஷாஃப்ட், ஆக்சில் ஃபிளேஞ்ச் ஆகிய மூன்றிலும் வைத்து அளந்து, வேறுபாடுகளைக் கணக்கிட்டாலே போதும். தரை சற்றுச் சரிந்திருந்தாலும் பாதகமில்லை, ஆனால் வண்டியின் எடை சக்கரங்களின் மீதே இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்த கோணம் பொய்க் கோணம். சமதள ஓட்டத்தில் ஒவ்வொரு கிராஸும் மூன்று டிகிரியை ஒட்டியும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு டிகிரிக்குள்ளும் இருந்தால் நல்லது. மாறியிருந்தால், ஸ்ப்ரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு கொடுத்துச் சரிசெய்யலாம். கூடுதல் பட்டையை எடுத்துவிடுவது அதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் செய்வது கடைசி வேலை. குழாயில் கல் பட்ட நசுக்கல் இருக்கிறதா, எடைக்காக ஒட்டவைத்த சிறு தகடு விழுந்து வெல்டிங் தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் கழற்றிக் கோயம்புத்தூர் கொண்டுபோய் எந்திரத்தில் ஏற்றிச் சரிசெய்து வாருங்கள். கழற்றும் முன் எல்லா ஃபிளேஞ்ச்களிலும் பெயிண்டால் குறி போடுங்கள்.

முன்சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல். அங்கே ஆக்சில் ஷாஃப்ட் சக்கர வேகத்திலேயே சுழல்வதால் எடைச்சாய்வு பெரும்பாலும் காரணமாகாது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடி, காலை எடுத்ததும் நின்றால் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்றால் வெளிப்பக்க ஜாயிண்ட்.

உங்களுக்கு வருகிறேன். நீங்கள் அடுத்த முறை ஏற்றம் ஏறுவதற்கு முன்பே கிராஸ்களையும் சென்டர் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஓடும்போது முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை கீழே விழுந்து சாலையில் குத்திக்கொள்ளும். பாகம் மாற்றிய பிறகு ஃபிளேஞ்ச் போல்ட்களை ஒரு வாரம் ஓட்டிவிட்டு மீண்டும் முறுக்கிப் பாருங்கள். கிராஸில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் நான்கு கிண்ணங்களிலிருந்தும் புதுக் கிரீஸ் பிதுங்கும் வரை அடிக்கச் சொல்லுங்கள். மூன்றில் மட்டும் வந்து நான்காவதில் வராவிட்டால், அந்த நான்காவதுதான் அடுத்த மழைக்காலத்தில் கத்தப் போகிறது.