ஏற்காட்டு ஈரத்துக்கு எந்த சிடி தாங்கும்?

வணக்கம் ஐயா. ஏற்காட்டு வீட்டில் வைத்த நாதஸ்வர சிடிகளில் கடைசிப் பாட்டுகள் திக்குகின்றன, இனி எந்த வட்டு வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

சிடி-ஆரில் (நாமே பதிவு செய்யும் சிடி) பதிவு, லேபிள் பக்கத்து மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. மலை ஈரம் விளிம்பு வழியாகப் புகுந்தால் வெள்ளிப் பூச்சு கறுக்கும். கடைசிப் பாட்டுகள் விளிம்பை ஒட்டி இருப்பதால் அவைதான் முதலில் போகும்.

கேட்பதற்கு வெர்பேட்டிம் கம்பெனியின் ஏசோ (AZO என்ற சாயம் பூசிய சிடி-ஆர்) வாங்குங்கள். உறையில் 'ஏசோ' என்று இருக்கிறதா பாருங்கள், அந்தக் கம்பெனியின் எல்லா வட்டும் ஏசோ அல்ல. பதிவு செய்ய 16 மடங்கு வேகம் போதும். ஒட்டும் லேபிள் வேண்டவே வேண்டாம்.

சேமிப்புக்கு எம்-டிஸ்க் (M-DISC, நெடுநாள் சேமிப்புக்கான வட்டு) டிவிடி, அதை எழுதக்கூடிய டிரைவில். அதில் பதிவு, இரண்டு 0.6 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் இருக்கும். பாட்டுகளை வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்புகளாகவே போடுங்கள். இன்னொரு பிரதி ஹார்ட் டிஸ்கில், சேலத்து உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

திக்குகிற சிடிகளை இன்றே வேறொரு டிரைவில், குறைந்த வேகத்தில் நகலெடுத்துப் பாருங்கள்.