லென்ஸ் வாங்கியாச்சு, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடமாக, விடுமுறை கிடைத்தால் போதும், பறவை, விலங்குகளைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். போன வருடம் தவணையில், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 150-600 லென்ஸ் வாங்கினேன். போன இடத்துக்கே மறுபடி போகாமல் இதுவரை இருபது இடங்களுக்கு மேல் சுற்றியாயிற்று. ஆனாலும் என் படங்கள் எல்லோரும் எடுக்கிற மாதிரியேதான் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பயண, காட்டுயிர் புகைப்படத் தொழிலில் இறங்கினால் சரியாகுமா? அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். எல்லாமே ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பதால் தேடி எடுக்கத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: படங்களைப் பார்த்தேன். ஃபோகஸ் சரியாக இருக்கிறது, ரோமம் ரோமமாகத் தெரிகிறது. லென்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. மான், கொக்கு, குரங்கு மூன்றும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, கவனித்தீர்களா? "யாருடா இவன்?" என்கிற பார்வை அது. புதிதாக ஓர் ஆள் வந்து நின்றால் முதல் ஐந்து நிமிடம் எந்த விலங்கும் இப்படித்தான் பார்க்கும். நீங்கள் இருபது இடங்களுக்குப் போய் அந்த முதல் ஐந்து நிமிடத்தையே இருபது தடவை எடுத்திருக்கிறீர்கள். எல்லோருடைய படமும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணமும் இதுதான். எல்லோரும் அந்த ஐந்து நிமிடத்தோடு கிளம்பிவிடுகிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு ஓடைத் திருப்பத்தில் ஒரே மீன்கொத்திக்காகப் பதினோரு நாள் காலையில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாளும் அதன் முதுகுதான் கிடைத்தது. மூன்றாம் நாள்தான் அது சுற்றிச்சுற்றி ஒரே கிளைக்கு வருவது உறைத்தது. பாய்வதற்கு முன்னால் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பட்டனில் விரல் வைத்தால் போதும். பாய்ந்த பிறகு வைத்தால் தண்ணீர் வட்டம்தான் மிஞ்சும். பிடித்த மீனைக் கிளையில் அடித்து, வாயிலேயே திருப்பி, தலை முன்னால் போகும்படி விழுங்குகிறது. ஏழாம் நாள் ஒரு மீனை விழுங்காமல் வைத்திருந்தது. மீனின் தலை வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. விழுங்க நினைத்தால் தலை உள்ளேயல்லவா போக வேண்டும்? அப்படியானால் இது வேறொரு வாய்க்குப் போகிற மீன். குஞ்சுக்கோ துணைக்கோ கொடுக்கத்தான் மீன்கொத்தி அப்படிப் பிடிக்கும். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவைத்தேன். மறுநாள் இடத்தைக் கொஞ்சம் மாற்றி உட்கார்ந்தேன், படம் கிடைத்தது. இரவல் வாங்கிய சுமாரான லென்ஸில் எடுத்தது அது. இன்றைக்கும் எனக்குப் பணம் கொண்டுவருகிறது.

இது என்னுடைய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஜார்ஜ் ஷைராஸ் என்கிற அமெரிக்கர், இரவில் ஃபிளாஷ் போட்டுக் காட்டு விலங்குகளைப் படம் எடுத்த முன்னோடி. அவருடைய 74 படங்களை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906 ஜூலையில் வெளியிட்டது. மிச்சிகனில் ஓர் ஏரிக்குச் சிறுவயதிலிருந்தே வேட்டைக்காகப் போய்வந்தவர். இரவில் படகில் விளக்கோடு போய் மானை மலைக்கவைத்துச் சுடுகிற பழக்கம் அங்கே இருந்தது. அதே படகு, அதே விளக்கு, துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா. விலங்கு எந்த வழியில் வரும் என்று தெரிந்ததால்தான் கம்பி கட்டி, அது கால் பட்டதும் தானே படம் எடுக்கிற ஏற்பாட்டையும் அவரால் செய்ய முடிந்தது. இன்னொன்று, உங்களுக்காகவே சொல்கிறேன்: மனிதர் தொழிலால் வக்கீல்!

உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு குளமோ புதரோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் அங்கேயே போங்கள். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல், தூரத்துப் படத்தை எந்த லென்ஸிலும் கலக்கிவிடும். அதனால் விடியும் முன்னே போய்விடுங்கள். அப்புறம், நின்றுகொண்டு எடுக்காதீர்கள். படுங்கள். கொக்கின் கண் உயரத்துக்கு லென்ஸ் இறங்கினால் பின்னால் இருக்கும் சகதி மறைந்து, தூரத்துப் பச்சை மங்கலாக வந்து நிற்கும். சட்டை அழுக்காகும், வேறு வழியில்லை.

இப்போது என் மானம் போன ஒரு காலை. முந்தின நாள் மாலை, ஓடும் தண்ணீர் பட்டுப்போல வரட்டும் என்று ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும்படி அதன் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கி எடுத்தேன். அப்படியே கேமராவைப் பையில் போட்டுத் தூங்கிவிட்டேன். விடியற்காலையில் பத்தடி தூரத்தில் ஒரு நீர்நாய் வாயில் மீனோடு கரையேறி, உடம்பை உதறியது. நாற்பது படம் தட்டினேன். நாற்பதிலும் பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும், நீர்நாயின் ஆட்டத்தை அல்ல. ஓடுகிற, உதறுகிற விலங்குக்கு 1/1000, பறக்கிற பறவைக்கு 1/2000 அல்லது அதற்கும் மேல். படத்தில் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவை, ஏற்றுங்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், தீற்றலை ஒன்றும் செய்ய முடியாது. அன்றிலிருந்து, பையின் ஜிப்பை மூடும் முன் செட்டிங்கை 1/1000க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மூடுகிறேன்.

நான்காவது படத்துக்கு வருகிறேன். கூட்டில் நான்கு குஞ்சுகள், வாய் பிளந்தபடி. தாயைக் காணோம். கூட்டுக்கு முன்னால் இருந்த கிளை ஒடிக்கப்பட்டிருப்பதும் தெரிகிறது. நீங்கள் ஒடித்ததா, முன்னமே ஒடிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் ஒடித்தது என்றால், இனி செய்யாதீர்கள். அந்தக் கிளைதான் குஞ்சுகளுக்கு நிழல், பருந்தின் கண்ணிலிருந்து மறைப்பும் அதுதான். நீங்கள் அங்கே நிற்கிற நேரமெல்லாம் தாய் இரையோடு எங்கோ ஒரு மரத்தில் காத்திருக்கும். ரொம்பத் தொல்லைப்பட்டால் கூட்டையே கைவிட்டுவிடுகிற பறவைகளும் உண்டு. இந்தப் படத்தை எந்த நல்ல இதழும் வாங்காது. அபூர்வமான உயிரினமாக இருந்தால் எடுத்த இடத்தையும் வெளியே சொல்லாதீர்கள், ஃபைலில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். அதைத் தேடுகிற திருடர்களும் படம் பார்க்கிறார்கள்.

குறுக்கு வழியில் போனால் பெயரும் போகும். லண்டனில் நடக்கும் பெரிய காட்டுயிர் புகைப்படப் போட்டியில், கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்க்கு 2009இல் முதல் பரிசு கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவாகி, 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார், ஆனாலும் முடிவு மாறவில்லை. உணவு வைத்து வரவழைத்தீர்களா, கூண்டு விலங்கா, எதுவானாலும் படக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, வேலை. இப்போதைக்கு விடாதீர்கள். முழுநேரக்காரன் மாதம் முழுக்கக் காட்டிலேயே கிடப்பான் என்று நினைக்கிறீர்கள். என் மாதத்தில் கேமரா கையில் இருப்பது ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். மீதி நாளெல்லாம் மூவாயிரம் படத்திலிருந்து முப்பதைப் பொறுக்குவது, குறிப்பு எழுதுவது, பில் போடுவது, வராத பணத்தைக் கேட்டு நாலாவது தடவையாக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. கணக்குத் தெரிந்தவர் என்பதால் இதில் நீங்கள் என்னைவிட நன்றாகவே தேறுவீர்கள். வருமானம் படம் விற்று மட்டும் வருவதில்லை. பயிற்சி வகுப்பு, பயணக் குழுவை வழிநடத்துவது, நிறுவனங்கள் கேட்டுச் செய்யும் வேலை, பேச்சு என்று துண்டு துண்டாகச் சேர்வதுதான். பயணப் படங்களையும் ஒதுக்காதீர்கள். மழை பிடித்து விலங்கு வெளியே வராத நாளில், அனுமதி கேட்டு எடுத்த ஒரு படகோட்டியின் கைகள் அந்தப் பயணச் செலவை மீட்டுத்தரும். படம் கொடுக்கும்போது எதற்கு, எங்கே, எத்தனை காலத்துக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். "பெயர் போடுகிறோம் சார்" என்று மட்டும் சொல்கிறவர்களிடம், பெயரோடு தொகையும் போடச் சொல்லுங்கள். விடுமுறை நாள் சம்பாத்தியத்திலேயே லென்ஸ் தவணையை ஒரு வருடம் முழுக்கக் கட்டிக் காட்டுங்கள். கையில் ஒரு வருடச் செலவுக்குப் பணமும் சேரட்டும். அதற்கப்புறம் ராஜினாமாக் கடிதம் எழுதுவதைப் பற்றிப் பேசுவோம்.

கடைசியாக, அடுத்து என்ன வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாப் படமும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாளைக்கே இன்னும் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்றை வேறு யார் வீட்டிலாவது வையுங்கள். லென்ஸ் அடுத்த வருடம் பார்க்கலாம்.