கார்-டி செல் சிகிச்சை என்றால் என்ன? ரத்தப் புற்றுநோயான லுக்கீமியாவை அது எப்படித் தாக்குகிறது?

நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஏற்பி ஒன்றை மரபணு வழியாகப் பொருத்தி, பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுவதுதான் கார்-டி.

பி வகை லுக்கீமியா செல் நம் உடம்பிலேயே உருவானது. அதனால் டி செல் அதைப் பெரும்பாலும் எதிரியாகப் பார்ப்பதில்லை. ஆனால் அதன் மேல் சிடி19 என்ற புரதம் உண்டு. காவலாளியிடம் 'நீலச் சட்டைக்காரனைப் பிடி' என்பதுபோல அதைக் குறிவைக்கிறோம். நீலச் சட்டை போட்ட அப்பாவிகளும் மாட்டுவார்கள்: நோயெதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் நல்ல பி செல்களும் அழிவதால் பலருக்கு அந்தப் புரதங்களை (இம்யூனோகுளோபுலின்) ஏற்ற வேண்டிவரும். சட்டையைக் கழற்றிய திருடன் தப்பிவிடுவான்; சிடி19 இழந்த செல்களால் நோய் திரும்புவது இப்படித்தான்.

2017-ல் அமெரிக்கா அனுமதித்த கிம்ரியா என்ற கார்-டி சிகிச்சையில், 50 கிலோ வரை எடையுள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 2 லட்சம் முதல் 50 லட்சம் செல்கள். ஏற்றிய பிறகு, குறிப்பாக முதல் சில வாரங்கள், கவனம் தேவை: காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். டி செல்கள் பெருகிச் சண்டையிடும்போது அழற்சிப் புரதங்கள் கொட்டி, ரத்த அழுத்தம் சரியலாம். டோசிலிசுமாப் என்ற மருந்து அந்த அழற்சியை அடக்கும்.

'கீமோவே வேண்டாம்' என்பது தவறான எண்ணம். செல்களுக்கு இடம் ஒதுக்க, அவற்றை ஏற்றுவதற்குச் சில நாள் முன்பு ஃப்ளூடாரபின், சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகளைக் கொடுப்பார்கள்.