ஆப்பிளின் பழைய மியூசிக் பிளேயரான ஐபாட் கிளாசிக்கில் முகவரி, நாட்காட்டி, குறிப்புகள் வைத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஐபாடை நிர்வகிக்கும் ஐடியூன்ஸ் மென்பொருளில், அதை (பென் டிரைவ் போல) டிஸ்க்காகப் பயன்படுத்தும் வசதியை இயக்கிவிட்டுக் கணினியில் இணைத்தால், உள்ளே கான்டாக்ட்ஸ், கேலண்டர்ஸ், நோட்ஸ் என்ற ஃபோல்டர்கள் தெரியும். முதலாவதில் விகார்டு (முகவரி விவரக்) கோப்புகளையும், அடுத்ததில் ஐகேலண்டர் (நாட்காட்டிக்) கோப்புகளையும் போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது நோட்ஸ்தான். 2003-இல் மூன்றாம் தலைமுறை ஐபாடோடு வந்த வசதி இது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பைப் போட்டாலே போதும். ஒரு குறிப்புக்கு 4 கேபி வரை, மொத்தம் 1000 குறிப்புகள். ரயில் நேரம், மருந்து விவரம், மளிகைப் பட்டியல் எல்லாம் தாங்கும். நீளமானதைப் பிரித்துப் போடுங்கள்.

ஆனால் ஐபாடிலேயே எதையும் எழுதவோ திருத்தவோ முடியாது. எல்லாம் கணினியில்தான். அதனால் அடிக்கடி மாறும் வேலைப் பட்டியலுக்கு இதை நம்ப வேண்டாம். மாறாத தகவலுக்கு அருமையான கருவி. கேலண்டரில் அலாரத்தை ஆன் செய்துவைத்தால், நிகழ்ச்சிகளை நேரத்துக்கு நினைவூட்டும்.